ரீல் பெட்டியும் பின்சக்கரத்து ஹப்பும்

காலை ரயிலில் என்னோடு நின்றுகொண்டே பெங்களூருக்குப் போய்வந்த தோழிகளே, இப்போது நமக்கெல்லாம் உட்கார இடம் கிடைக்கிறது. எழுந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. முட்டிவலி, சர்க்கரை, மருமகள் சமையல் எல்லாவற்றையும் நம் குரூப்பில் பேசித் தீர்த்துவிட்டோம். ஒரு மாறுதலுக்கு இன்றைக்கு ஹப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். சைக்கிள் சக்கரத்துக்கு நடுவில் உருளையாக இருக்குமே, ஸ்போக்ஸ் எல்லாம் போய்ச் சேரும் இடம், அந்த ஹப்தான்.

சிரிக்காதீர்கள். என் மகள் மவுண்டன் பைக் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு குன்றின் மேல் ஏறி, வந்த வழியே உருண்டு இறங்குவதுதான் அவளுக்கு ஓய்வு. போன மாதம் பின்சக்கரத்து ஹப் போய்விட்டது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது, ரொம்ப நாள் உழைக்கவும் வேண்டும் என்று படம் படமாக எனக்கு அனுப்பி, "இதுவா அதுவாம்மா?" என்று கேட்டாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உள்ளே போடற பேரிங் உங்க தெருக்கோடி கடையில கிடைக்குமா?" அப்புறம், "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஆறாவது படித்த வருஷம். தங்கச் சுரங்கத்துக்காரர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதியில், வரிசையாகக் கட்டிய மைன்ஸ் லைன் வீட்டில் இருந்தோம். தகரக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர், வாசலில் ஒரு குழாய், அந்தக் குழாய்க்கு ஒரு ஊரே சண்டை. அப்பா நந்திதுர்க் ஷாஃப்டில் வைண்டிங் எஞ்சின் ஃபிட்டர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற அந்த ராட்சத எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதும் காது கொடுத்துக் கேட்பதும் அவர் வேலை. எஞ்சின் முனகினால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவு கிரீச்சிட்டால் போதும், பரண் மேலிருந்து ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை இறக்குவார். உள்ளே ரோப் கிரீஸ் இருக்கும். கேஜைத் தூக்குகிற இரும்பு வடத்துக்குத் தடவுவது. தார் மாதிரிக் கறுப்பு, தொட்டால் சோப்புக்கும் மசியாது. எங்கள் வீட்டுக் கதவுகள் ஓசையே போடாது, ஆனால் அம்மாவின் எல்லாப் புடவையிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு.

அண்ணன் பத்தாவது முடித்துச் சில வருஷமாகியிருந்தது. மைன்ஸில் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியாகிவிட்டது. அவன் ரீல் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. அப்போது ஒரே படம் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ஒரே நாளில் ஓடும். பிரிண்ட் ஒன்றுதான். ராபர்ட்சன்பேட்டையில் முதல் பாதி முடிந்ததும் அந்த ரீல்களை இரும்புப் பெட்டியில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டி, ஆண்டர்சன்பேட்டை தியேட்டருக்குக் கொண்டு ஓட வேண்டும். அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் போய் இரண்டாம் பாதியைக் கொண்டுவர வேண்டும். ஒரு ஊரில் கதாநாயகன் அடி வாங்கிக்கொண்டிருப்பான், இன்னொரு ஊரில் திருப்பி அடித்துக்கொண்டிருப்பான், நடுவில் என் அண்ணன் பெடல் மிதித்துக்கொண்டிருப்பான்.

ரோடு வழியாகப் போனால் சுற்று. அண்ணன் சயனைடு மேட்டின் மேல் ஏறிக் குறுக்கே போவான். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு அது, நம் ஊருக்கு மலை என்றால் அதுதான். மண் மைதா மாவு மாதிரி இருக்கும். காற்றடித்தால் வாயில் உப்புக் கரிக்கும். சாதாரண சைக்கிளின் டயர் அதில் புதைந்துபோகும். அதனால்தான் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன ஒரு மைன்ஸ் இன்ஜினியர், தன் மகனின் கியர் சைக்கிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் ஓடிப்போய் வாங்கிவந்தான். எங்கள் லைனுக்கு வந்த முதல் மவுண்டன் பைக். அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது, டயரு இவ்ளோ தடியா கீது? மட்கார்டு எங்க?"

"இதுக்கு மட்கார்டு கெடையாதுப்பா."

"மட்கார்டு இல்லாத சைக்கிளுக்குக் காசு வேற குடுத்தியா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பாவுக்கு ரீல் பெட்டி தூக்குகிற வேலையே பிடிக்கவில்லை. பெங்களூரில் பெரியப்பா வேலை செய்த ஊதுபத்தி கோடவுனில் அண்ணனைச் சேர்த்துவிட எல்லாம் பேசி வைத்திருந்தார். அண்ணனுக்கோ புரொஜெக்டர் ரூம்தான் கோயில். அங்கே மெஷின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற வாசனையைச் சட்டையில் ஏந்திக்கொண்டு வருவான். வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளை எனக்குக் கொண்டுவந்து தருவான். ஒரு பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி நடிகை சிரிப்பாள். அந்த டப்பா எந்த வீடு மாற்றலில் தொலைந்ததோ, இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆண்டர்சன்பேட்டை தியேட்டர் மேனேஜர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஆபரேட்டருக்கு அசிஸ்டெண்ட் தேவை. தீபாவளிப் படம் ஓடி முடிகிறவரை ரீல் பெட்டி ஒருநாளும் தாமதமாகாமல் வந்தால் அந்த வேலை அவனுக்கு. அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னான். அப்பா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து யோசித்தார்.

"சரி. தீபாவளிப் படத்துக்கு ஒருவாட்டி கூட லேட்டாவக் கூடாது. ஆச்சுன்னா மறுநாளே பெங்களூரு பஸ் ஏறணும். இன்னா சொல்ற?"

"ஏர்றேன்பா," என்றான் அண்ணன். அம்மா அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கேதான் ஹப் வந்து சேர்ந்தது. சயனைடு மேட்டு மண்ணுக்கு நுழைய முடியாத இடம் கிடையாது, நம் காதுக்குள்ளேயே போகும். ஹப்புக்குள் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் வட்டமாக உட்கார்ந்திருக்கும், பால்ஸ் என்பார்கள். அவற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பது கோன். மண் உள்ளே போனால் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துத் தின்றுவிடும். இன்ஜினியர் மகனின் சைக்கிள் அவன் பங்களாத் தோட்டத்தில் ஓடியது, எங்கள் மேட்டில் ஏறியதில்லை. கொஞ்ச நாளிலேயே பின்சக்கரம் குடித்தவன் நடை நடக்க ஆரம்பித்தது.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார். அவருக்குப் பளபளப்பு என்றால் உயிர். ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து வெள்ளி மாதிரி மின்னுகிற அலுமினிய ஹப்பை எடுத்து, நகை காட்டுவதைப் போல உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பாரின் மாலு. ஆயுசுக்கும் கவலையே இல்ல தம்பி," என்றார். அண்ணன் சேர்த்து வைத்த பணம் முழுவதும் அதில் போயிற்று. அதன் ஆயுசு மழை விடும்வரைதான். மண் காய்ந்து பறக்க ஆரம்பித்ததும் உள்ளே கறகறவென்று அரைபட்டது. மாற்ற வேண்டிய கோன் ஆண்டர்சன்பேட்டையிலும் இல்லை, ராபர்ட்சன்பேட்டையிலும் இல்லை. பெங்களூருக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை. அப்புறம் அந்த ஹப் எங்கள் வீட்டில் பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைக்கும் கல்லாக உழைத்தது.

அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமா கோபமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஸ் சிலிண்டர் ஏற்றுகிற கேரியர் சைக்கிளின் பழைய ஹப் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தார். "தூக்கிப் பாரு. கனம் கீதுல்ல? கனமா இருந்தாத்தான் ஒழைக்கும். மைன்ஸ்ல எதுனா லேசா கீதா?" என்றார். அண்ணனும் நானும் அவரோடு கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்போக்ஸ் மாட்டுகிற ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஹப்பில் நாற்பது ஓட்டை, கியர் சைக்கிள் ரிம்மில் முப்பத்தாறு. "நாலு ஸ்போக்ஸ எங்க போய் மாட்றது சார்?" என்றார். அப்பா ஹப்பைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

தீபாவளி நெருங்கிவிட்டது. அண்ணன் வாடகை சைக்கிளில் மேட்டில் ஏறி, பாதி தூரம் தள்ளிக்கொண்டு போய், முழங்கால் உரிந்து வருவான். கடைசியில் அம்மாதான் முறுக்கு மாவுக்கு அரிசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள், நேராக சைக்கிள் கடையில் போய் நின்றாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா சைக்கிளே ஏறியவள் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கும்போது கடைக்காரனை என்ன கேட்பாளோ அதையே கேட்டாள்.

"எது நல்லா கீதுன்னு சொல்லாதீங்க. எது போச்சுன்னா இங்கயே சாமான் மாத்தித் தருவீங்க, அதச் சொல்லுங்க."

கடைக்காரர் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு குனிந்து, அடித்தட்டிலிருந்து மங்கலான ஒரு இரும்பு ஹப்பை எடுத்தார். பளபளப்பும் இல்லை, கனமும் இல்லை. நடுவில் போகிற ஆக்சில் கம்பி மட்டும் தடிமனாக இருந்தது. "நம்மூரு மாலுதான்மா. ஓட்டையும் சரியா வரும். உள்ள போறது சாதா பால்ஸு, எல்லாக் கடைலயும் கெடைக்கும். யாரும் கேக்க மாட்டாங்கன்னு அடில போட்டு வெச்சிருந்தேன்." விலையைக் கேட்டதும் அம்மா பேரம் கூடப் பேசவில்லை. அதிலிருந்தே அது எவ்வளவு மலிவு என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் மண் நுழையாமலிருக்க ஒரு பழைய கம்பளியை வெட்டி இரண்டு வளையம் தைத்துக் கொடுத்தாள். அண்ணன் அதை ஹப்பின் இரண்டு பக்கமும் இறுக்கமாக மாட்டினான். சிவப்புக் கம்பளி. ஓடும்போது சக்கரத்துக்கு வளையல் போட்ட மாதிரி இருக்கும். மேட்டின் மேல் எத்தனை தடவை ஏறி இறங்கியும் அந்தச் சக்கரம் அசையவில்லை. மிதிக்காமல் விட்டால் பின்னால் ஃப்ரீவீல் என்கிற பல்சக்கரம் டிக்டிக் என்று பாடிக்கொண்டே வரும். அண்ணன் எங்கே வருகிறான் என்று நான் அடுப்படியிலிருந்தே சொல்வேன்.

தீபாவளி வந்தது. பொழுது விடிந்ததும் அம்மா அண்ணனை உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் லேகியத்தை முழுங்காமல் துப்புவதற்காக வாசலுக்கு வந்தேன். அப்பா சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தார். பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். டிக்டிக் என்றது. முகம் சுளித்தார். இன்னொரு தடவை சுற்றினார்.

"கேட்டியா? அழுவுது பாரு. எண்ணெயே காட்டல இதுக்கு," என்றார் என்னிடம். பால்பவுடர் டப்பா அவர் கையில் இருந்தது. ஒரு குச்சியால் ரோப் கிரீஸை எடுத்து எடுத்து ஃப்ரீவீலுக்குள் திணித்தார், சத்தம் அடங்குகிறவரை திணித்தார். நாங்கள் இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டோம். ஒரு ஓசை இல்லை. அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிறைவு. "அவன்கிட்ட சொல்லாத. இன்னிக்கு சும்மா பறக்கும் பாரு," என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஃப்ரீவீலுக்குள் இருக்கிற குட்டிப் பல் மேலும் கீழும் துள்ளினால்தான் மிதிப்பது சக்கரத்தைப் பிடிக்கும், அந்தத் துள்ளலின் சத்தம்தான் டிக்டிக் என்பது எனக்கும் தெரியாது, எஞ்சின் ஃபிட்டருக்கும் தெரியவில்லை.

அன்று அப்பாவே எங்களை மேட்னிக்கு அழைத்துப் போனார். ஆண்டர்சன்பேட்டை தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஷிஃப்ட் இல்லாத நாள், லைன் முழுக்க அங்கேதான். முதல் பெட்டியை அண்ணன் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். கிரீஸ் அப்போது இன்னும் உள்ளே இறங்கவில்லை போலிருக்கிறது. முதல் பாதி விசிலிலேயே ஓடியது. இடைவேளை விட்டார்கள். சோடா குடித்தோம், முறுக்கு தின்றோம். மணி அடித்தது. விளம்பர ஸ்லைடு போட்டார்கள். எல்லா ஸ்லைடும் முடிந்து முதலிலிருந்து போட்டார்கள். அதுவும் முடிந்து வெறும் வெள்ளைத் திரை மட்டும் நின்றது.

"ரீலு எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் காலால் தரையை உதைக்கும் சத்தம். முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து கையைக் கூப்பினார், அவர் மேல் கடலைப் பொட்டலம் வந்து விழுந்தது. அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கக் கதவு திறந்தது. அண்ணன் சைக்கிளை உள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். தீபாவளிச் சட்டை நனைந்து, தலையிலிருந்து கால்வரை மேட்டு மண் அப்பி, கோலமாவு கொட்டினவன் மாதிரி நின்றான். ஆபரேட்டர் வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

"நாளைலருந்து நீ வராதே," என்றார் மேனேஜர்.

"பெடல் சுத்துது சார், வீலு புடிக்கவே இல்ல. மேட்டுல முழுக்கத் தள்ளிக்கினு வந்தேன். காலைல நல்லாத்தான் இருந்துச்சு." அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னான். அப்பாவை மட்டும் அவன் பார்க்கவே இல்லை.

அப்பா எழுந்து போனார். பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், பெடலை மிதித்துப் பார்த்தார். ஃப்ரீவீலில் விரலை விட்டு வெளியே எடுத்தார். விரல் கறுப்பாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நேராகத் திரைக்கு முன்னால் போய் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்று கையைத் தூக்கினார். லைனில் எல்லோருக்கும் அவரைத் தெரியும், சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"பையன் மேல தப்பு இல்லப்பா. காலைல பிரீவீலு சத்தம் போட்டுச்சு. நாந்தான் ரோப் கிரீஸ் வெச்சேன்."

சிரிப்பு கிளம்பியது. அந்தத் தியேட்டரில் ரோப் கிரீஸ் தெரியாதவர் யார்? "பிரீவீல்லயா! ரோப் கிரீஸா!" என்று ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பால்கனியிலிருந்து இன்னொருவர் கத்தினார்: "அண்ணே, நான் எங்கூட்டுத் தையல் மெஷினுக்கு வெச்சேன். ரெண்டு பேரு சேந்து மிதிச்சும் அசையல!" நாற்காலியைத் தூக்கியவர் சிரித்த சிரிப்பில் அதைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டப்பா, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கதை. மைன்ஸில் உழைக்கிற பொருள் எங்கேயும் உழைக்கும் என்று நம்பியது எங்கள் அப்பா ஒருவர் மட்டும் இல்லை. அவர்கள் கதை சொல்லி முடிப்பதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

மேனேஜரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒரு சேரும் ஒடையல, ஆயித்து பிடு," என்று பாதி கன்னடத்தில், போகட்டும் விடு என்கிற மாதிரி, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அண்ணனைப் பார்த்து, "பொட்டியப் போட்டுட்டு ஓடாம தள்ளிக்கினு வந்த பாரு, அதுக்காக இன்னிக்கு லேட்ட கணக்குல வெக்காம விடறேன். மொதல் பாதி பொட்டி அடுத்த ஷோவுக்கு ராபர்ட்சன்பேட்டைக்குப் போணும், கெளம்பு," என்றார்.

மேனேஜர் விட்டுவிட்டார். ஆனால் அப்பாவிடம் சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. ஒருவாட்டி லேட்டானால் பெங்களூர் பஸ். அண்ணன் அதை நினைத்துக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினான் என்று போட்ட முடிச்சையே திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டியதிலேயே தெரிந்தது. அப்பா சோடாக் கடைக்காரரிடம் மண்ணெண்ணெய் வாங்கி ஃப்ரீவீலில் ஊற்றினார், புது வேட்டியின் முனையை விட்டுத் துடைத்தார். அந்தக் கிரீஸ் அவ்வளவு லேசில் போகுமா? நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ ஹேண்டில் புடி," என்றார் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் போய்க் கேரியரில் இரண்டு கையையும் வைத்தார். தள்ள ஆரம்பித்தார். அம்மாவும் நானும் கேட் வரைக்கும் ஓடினோம். சயனைடு மேட்டின் மேல் இரண்டு பேரும் குனிந்து தள்ளிக்கொண்டு ஏறுவது தெரிந்தது. வழுக்கிய இடத்தில் ஒருவரையொருவர் ஏதோ திட்டிக்கொண்டார்கள், காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. உச்சிக்குப் போனதும் அண்ணன் ஏறி உட்கார்ந்தான், அப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டி அவனை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, தானும் பின்னாலேயே ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். அப்பாவின் வேட்டியில் பாதி கறுப்பு, பாதி மேட்டு மண். அம்மா திட்ட வாயெடுத்து, திட்டாமல் தட்டைப் போட்டாள். யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறைக்கத்தானோ என்னவோ, அம்மா படத்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"நீங்க ரெண்டாம் பாதி பாக்கவே இல்லையே. கடைசீல இன்னாச்சு தெரியுமா..."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துத் தடுத்தார்.

"சொல்லாத. இவன் ஆபரேட்டரு ஆவான்ல, இவனே ஓட்டுவான். அப்ப பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் தோள் குலுங்குவதை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரியே அவன் தட்டில் ஆளுக்கொரு அதிரசம் வைத்தோம்.